ஆயா வாயில் பிறந்த எஞ்சாமி

எங்கள் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்போம். பேரப்பிள்ளை தடுக்கி விழுந்தால் ஆயாவின் வாயில் பெயர் வராது. ‘எஞ்சாமி’ என்றுதான் வரும். பிரித்தால் ‘என் சாமி’. சகரத்தைத் தொட்டதும் னகரம் ஞகரமாகக் குழைந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் போகாத நாக்கு தானாகச் செய்துகொண்ட புணர்ச்சி அது. 2021 மார்ச் 7 அன்று வெளியான ஒரு பாட்டு அந்தக் குழைவைச் சிதைக்காமல் எடுத்துத் தன் தலையில் சூடிக்கொண்டது: ‘எஞ்சாய் எஞ்சாமி’.

ராப் பாடகர் அறிவு எழுதியது, பாடகி தீயும் அறிவும் பாடியது, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், மாஜ்ஜா இசைத்தளம் வழியே வந்தது. கல்யாண மண்டபத்திலும் கல்லூரி விழாவிலும் ஆடித் தீர்த்தோம். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது உட்கார்ந்து கேட்க வேண்டிய பாட்டு இது. இழை இழையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் தலைப்பு. ‘எஞ்சாய்’ ஆங்கிலம், ‘எஞ்சாமி’ ஆயாவின் தமிழ். இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்று, அது மோனை. இரண்டாம் எழுத்தும் ஒன்று, அது எதுகை. கடல் கடந்து வந்த சொல்லும் களத்துமேட்டுச் சொல்லும் பங்காளிகளைப் போலத் தோள் தொட்டு நிற்கின்றன.

இனி அந்தச் ‘சாமி’. நம் ஊர்களில் இச்சொல்லுக்கு ஒரு கொடிய வழக்கம் இருந்தது. கூலிக்காரர் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டி, கை கட்டி, பண்ணையாரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அதே சொல்லை அதே வாய் வீட்டுக்குள் வந்ததும் மடியில் கிடக்கும் குழந்தைக்குச் சொன்னது. வெளியே அச்சத்தில் சொன்னதை உள்ளே ஆசையாய்ச் சொன்னாள் ஆயா. பாட்டு எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது சாமியை. ஒரு சொல்லைத் திருப்பி வைத்ததிலேயே ஒரு சமூகத்தின் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

யார் அந்த ஆயா? அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்துவிட்டு இந்தியா திரும்பியவர். அந்தத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் பெரும்பாலோரை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். நெல் மூட்டையைப் பங்கு போடுவதுபோல மனிதரைப் பங்கு போட்ட அந்தத் தாளில் ஒரு கிழவியின் பெயருக்கும் இடமில்லை. பாட்டில் இடம் இருக்கிறது. பாடுகிறவன் தன்னை வள்ளியம்மாவின் பேரன் என்று சொல்லிக்கொண்டுதான் சங்கதியைத் தொடங்குகிறான். அப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலையில் வைத்துக்கொள்ளும் நாட்டில், ஒரு கூலிக்காரப் பாட்டியின் பெயரே முகவரி ஆகிறது. 2024இல் வந்த தன் தனி ஆல்பத்துக்கும் அறிவு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.

பாட்டின் நடுவே ஒரு பெண் தான் வளர்த்த மரங்களை எண்ணிச் சொல்கிறாள். ஐந்து. ஆயிரம் என்று சொல்லியிருந்தால் கவிதையாகியிருக்கும், ஐந்து என்பதால் உண்மையாகிறது. தண்ணீர் சுமந்து ஊற்றியவளுக்குத்தான் எண்ணிக்கை தெரியும். தோட்டம் செழித்ததாம், அவள் தொண்டை மட்டும் நனையவில்லையாம். நமக்குத் தோட்டம் என்றால் கத்தரியும் வெண்டையும். மலையகத்தில் பிறந்தவருக்குத் தோட்டம் என்பது வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடு, பனியில் விறைக்கும் விரல், துரையின் அதட்டல். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு நிலங்கள் இருக்கின்றன. உலகமெல்லாம் தேநீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்ள, கொழுந்து கிள்ளியவளின் தொண்டை காய்ந்து கிடந்ததை இதைவிடச் சிக்கனமாக எப்படிச் சொல்வது?

பந்தலில் ஒரு பாகற்காயும் தொங்குகிறது. விதைக்கென்று பறிக்காமல் விட்ட காய். குடியானவர் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த வழக்கம் தெரியும். நன்றாய்த் திரண்ட காயை, பசித்தாலும் தொடாமல், முற்றிப் பழுக்க விட்டுவிடுவார்கள். பட்டா இல்லாதவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லக்கூடிய சொத்து அதுதான். கசக்கும் காய், உள்ளே முளைக்கும் விதை. இன்னோர் இடத்தில் பறவையின் எச்சத்திலிருந்து காடு எழுகிறது. பிறகு அதுவே நாடாகவும் குடியிருக்கும் வீடாகவும் விரிகிறது. அந்த நிலத்தில் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும்கூடப் பங்கு உண்டு, கம்பளிப்பூச்சியும் தங்கை முறை. நிலத்திலிருந்து விரட்டப்பட்டவளின் பேரன் நிலத்தைப் பாடும்போது யாரையும் விரட்டவில்லை. இந்தப் பெருந்தன்மையை நினைத்து நான் பலமுறை கண் கலங்கியிருக்கிறேன்.

இத்தனை துயரமும் ஆட்டமும் ஒரே பாட்டில் எப்படிச் சேர்ந்தன? காஞ்சிப் பட்டில் ‘கோர்வை’ என்று ஒரு வேலை உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் மூன்று நாடா ஓடும். கூட ஓர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். உடலின் குறுக்கிழையான ஊடை கரைக்குள் போகாது, கரையின் ஊடை உடலுக்குள் வராது. இரண்டும் ஓரத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். நிறம் கலங்காது, சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பார்கள். இந்தப் பாட்டில் ஒப்பாரியும் ஆட்டமும் அப்படித்தான் சேர்ந்திருக்கின்றன. கால் ஆடுகிறது, தொண்டை அழுகிறது. ஒன்று மற்றதை மழுக்கவில்லை. தீயின் குரல் ஒரு நாடா, அறிவின் சொற்கட்டு ஒரு நாடா, தாளம் மூன்றாவது.

அறிவின் சொற்கட்டு ஹிப்ஹாப் வழி வந்தது. 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் கறுப்பின இளைஞர்களின் கொண்டாட்டத்தில் பிறந்த வடிவம் அது. பெண்ணை இழிவாகப் பேசும் பாட்டும் அதில் உண்டு, அவளைத் தலைமேல் வைக்கும் பாட்டும் உண்டு. அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் 1993இல் ‘கீப் யா ஹெட் அப்’ பாட்டில் கறுப்பினப் பெண்களுக்குத் தலைநிமிர்வைச் சொன்னார். 1995இல் ‘டியர் மாமா’ பாட்டில் தன் தாய் அஃபேனியை அவருடைய வறுமையோடும் சறுக்கலோடும் சேர்த்தே வணங்கினார். அரக்கோணத்துப் பிள்ளை அறிவு, ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மேடையில் சாதியை நேருக்கு நேர் கேட்டுப் பழகியவர். அந்த வடிவத்தை வாங்கி, அதில் ஆயாவை உட்கார வைத்தார். காணொளியில் வள்ளியம்மாளே வருகிறார். வயதான அந்த முகம் திரையில் வரும்போது பாட்டுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

எங்கள் ஊரான தென்னேரிக்கு அருகே வாலாஜாபாத்தில் ரயில் ஏறினால் காஞ்சிபுரம் தாண்டி அரக்கோணத்தில் இறங்கலாம். அவ்வளவு பக்கத்து மண்ணின் குரல் இது. பெயர் யாருக்கு நிலைக்கிறது என்று எங்கள் ஊரையே கேட்கலாம். திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாணாற்றுப்படை போற்றும் மன்னன் இளந்திரையன் பெயரை ஏரி இன்னும் சுமக்கிறது. கரைக்கு மண் சுமந்த கூடைகள் எத்தனை ஆயிரம் இருக்கும்! சுமந்த பெண்களில் ஒருத்தி பெயராவது எங்கேனும் இருக்கிறதா?

பாட்டைக் கேட்ட ஒரு மாலையில் அம்மாவிடம் ஆயாவின் அம்மா பெயரைக் கேட்டேன். முகத்தில் கை வைத்து யோசித்தவள், உடனே சொல்லவில்லை. பிறகு கண் விரிய, சின்னப் பிள்ளைபோல ஒரு பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “எத்தினி வருசம் ஆச்சி இந்தப் பேர சொல்லி” என்றாள். ரேஷன் கார்டு வைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.