உலக மதங்களும் ஐந்து வீட்டுச் சாமியும்

எம்.ஏ. படிக்கும்போது தேர்வுக்காக ஒரு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோம். குறுக்கே ஐந்து கட்டங்கள்: தோற்றுவித்தவர், புனித நூல், முழுமுதற் கடவுள், வழிபாட்டிடம், பண்டிகை. நெடுக்கே உலக மதங்கள். இந்து மதத்துக்கு நேரே தோற்றுவித்தவர் கட்டத்தில் ஒரு கோடு. பௌத்தத்துக்கும் சமணத்துக்கும் கடவுள் கட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுகள் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதினேன், தேறினேன்.

சில வருஷம் கழித்து அம்மா பிறந்த வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல். வடமாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டுக்கழுத்தியாகவோ கன்னியாகவோ செத்துப்போன வீட்டுப் பெண்ணுக்குப் புதுப்புடவை, பூ, மஞ்சள் வைத்துக் கும்பிடுவது. எங்கள் பூவாடைக்காரி அம்மாவின் பாட்டனுக்குத் தங்கை. படையலில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு அதுன்னா உசுரு. புடிச்சதைத்தானே வைக்கணும்" என்றார் பெரியம்மா. படைத்த புடவையை அன்றே வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்துக் கட்டிக்கொண்டாள். இந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் மொத்தம் ஐந்து வீடு. அடுத்த தெருவுக்கு இவள் சாமி இல்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பழைய அட்டவணை ஞாபகத்துக்கு வந்தது. நிரப்பிப் பார்த்தேன். தோற்றுவித்தவர்: இல்லை. நூல்: இல்லை. முழுமுதற் கடவுள்: பாட்டனின் தங்கையை அப்படிச் சொல்ல முடியாது. வழிபாட்டிடம்: நடுவீட்டுச் சுவர். பண்டிகை: கல்யாணம் காட்சிக்கு முன்னால், அல்லது யார் கனவிலாவது வந்து கேட்டால். ஆனால் அங்கே ஒரு உறவு இருக்கிறது, கடமை இருக்கிறது, பயம் இருக்கிறது, இறந்தவளுக்கு என்ன பிடிக்கும் என்ற நினைவு இருக்கிறது. இதையெல்லாம் கேட்பதற்கு அட்டவணையில் கட்டமே கிடையாது.

2

இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? 'உலக மதம்' என்ற வகைப்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சரக்கு. டச்சு அறிஞர் தீலே போன்றவர்கள் மதங்களை ஒரு இனத்துக்குரியவை, உலகு தழுவியவை என்று பிரித்தார்கள். முதலில் உலக மதம் என்ற தகுதி மூன்றுக்குத்தான்: பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம். அதிலும் இஸ்லாத்துக்கு அந்தத் தகுதி இல்லையென்று கூனன் மறுத்தார். பிறகுதான் பட்டியல் நீண்டது. கொள்கையாக இருந்தது வெறும் எண்ணிக்கைப் பட்டியலாக எப்படி மாறியது என்பதை டொமோகோ மசுஸாவா 2005இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஐரோப்பா உலகுக்கெல்லாம் பொதுவானது என்ற பழைய நினைப்பு, பன்மை என்ற புதிய மொழியில் தப்பிப் பிழைத்தது என்பது அவர் வாதம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மாக்ஸ் முல்லர் பதிப்பித்த 'கிழக்கின் புனித நூல்கள்' வரிசை. 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகள். சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அவெஸ்தா, சீனம், அரபு எல்லாம் உண்டு. தமிழிலிருந்து ஒரு தொகுதியும் இல்லை. உடனே நம் ஆட்கள் வருத்தப்படுவார்கள். தேவாரத்தையும் திருவாய்மொழியையும் சேர்த்து 52 ஆக்கினால் சரியாகிவிடுமா? நூல் இருந்தால்தான் மதம் என்ற அளவுகோல் அப்படியேதான் இருக்கும்.

1893 சிகாகோ மாநாட்டைத் திறந்துவைத்தபோது பத்து மதங்களுக்காக மணியைப் பத்து முறை அடித்தார்கள். எந்த மண்ணில் மாநாடு கூடியதோ அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய வழிபாட்டுக்கு ஒரு அடியும் இல்லை. விவேகானந்தர் பேச்சை நாம் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறோம். அந்தப் பதினோராவது மணியைப் பற்றிப் பேசியதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு பிரதி நம்மிடத்திலேயே எழுதப்பட்டது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, தமிழர் தெய்வங்களின் வம்சாவளியை 1713இல் எழுதி முடித்தார். மும்மூர்த்திகளோடு நிறுத்தாமல் ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி வரை இறங்கி வருகிறார். இவர்களை அவர் பேய்க் கணக்கில்தான் வைக்கிறார், அது வேறு. ஆனாலும் இருப்பதை இருப்பதாகப் பதிவு செய்தார். அந்தக் கையெழுத்துப்படி அவர் காலத்தில் ஐரோப்பாவில் அச்சேறவில்லை. 1867இல் சென்னையில் அச்சானது. மதத்தைப் பரப்பப் போனவர் அந்நியச் சாமிகளின் விவரத்தை ஊருக்கு அனுப்புவது மிஷன் மேலிடத்துக்கு உவப்பாக இல்லை. என்ன எழுதப்பட்டது என்பதோடு, எது எத்தனை காலம் அச்சேறாமல் கிடந்தது என்பதும் மத ஆய்வின் விஷயம்தான்.

3

ஐரோப்பா வருவதற்கு முன்னால் இங்கே ஒப்பீடே இல்லையா? இருந்தது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் வஞ்சியில் அளவைவாதி தொடங்கி பூதவாதி வரை பத்துப் பேரிடம் அவரவர் திறம் கேட்கிறாள். சிகாகோவிலும் பத்து, வஞ்சியிலும் பத்து. எண் ஒன்றானது தற்செயல். வேறுபாடு கேள்வியில் இருக்கிறது. வஞ்சியில் உன் நூல் எது, உன்னைத் தோற்றுவித்தவர் யார் என்பது பிரச்சினை இல்லை. எதைக்கொண்டு அறிகிறாய், காட்சியா, கருதலா, ஆகமமா என்பதுதான். பிறப்பால் வருவதல்ல, வாதத்தால் நிற்பது சமயம். 'மதம்' என்ற சொல்லும் அப்படித்தான். நன்னூல் எழுவகை மதம் என்று சொல்லும்போது அங்கே கோயிலும் இல்லை குளமும் இல்லை. உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பிறகு களைவது என்று ஒரு நூலாசிரியன் எடுக்கும் நிலைப்பாடுதான் மதம். சாதிச் சான்றிதழில் நாம் நிரப்பும் மதத்துக்கும் பவணந்தி சொன்ன மதத்துக்கும் இடையில் என்ன நடந்தது? தமிழ் படித்தவர்கள் செய்ய வேண்டிய ஆய்வு இது. நாங்கள் செய்யவில்லை.

இதைச் சொன்னதும் பொற்காலம் கண்டுவிட்டதாக நினைக்கக்கூடாது. மணிமேகலை நடுநிலைப் பிரதி அல்ல. பத்துப் பேரும் பேசுவது பௌத்தத்துக்கு வழி விடத்தான். நீலகேசி குண்டலகேசியை மறுக்க எழுந்தது. மறுத்த நூல் முழுசாக இருக்கிறது, மறுக்கப்பட்ட நூல் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஆசீவகர்களுக்கு அதுவும் இல்லை. 1951இல் பாஷம் அவர்கள் வரலாற்றை எழுதியபோது மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் என்று எதிராளிகளின் பக்கங்களிலிருந்துதான் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. தோற்றவனின் மதத்தை வென்றவனின் மறுப்புரையிலிருந்து வாசிப்பது எப்படி என்ற முறையியலை உலக மதப் பாடநூல் சொல்லித்தராது. ஆனால் ஒன்று. வஞ்சியின் நீதிபதி தன் கட்சியை மறைக்கவில்லை. அட்டவணையின் நீதிபதி கண்ணுக்கே தெரிவதில்லை.

4

இதெல்லாம் பல்கலைக்கழகச் சமாச்சாரம், இயக்கத் தோழர்களுக்கு என்ன என்று கேட்கலாம். அட்டவணை வகுப்பறையை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. அது சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியே. 2022இல் இதை ஆராய ஓர் ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று முறையாக தேவாலயம் போய்வருகிறவர் சலுகைக்காகத் தன்னை இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று சான்றிதழை மறுத்தது. இங்கே மதம் என்பது என்ன? உள்ளத்து நம்பிக்கை, அதற்குச் சாட்சி வாராந்திர வழிபாடு. இது புராட்டஸ்டண்டு இலக்கணம். இந்த இலக்கணத்தை வைத்து அளந்தால் எங்கள் பெரியம்மா எந்த மதம்? வாரா வாரம் எங்கும் போகாததால் அவரை இந்து இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. அளவுகோல் ஒருவருக்கு மட்டும் வெளியே எடுக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, 1950இல் இயற்றிய உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி கிடாவெட்டுக்குத் தடை போட்டார்கள். இரண்டையும் தனித்தனியாக எதிர்த்தோம். சேர்த்து வாசிக்கவில்லை. ஒன்று, உனக்குக் கொடுத்த கட்டத்தை விட்டுப் போகாதே என்கிறது. மற்றொன்று, கட்டத்துக்குள் இருக்கிறாயா, அப்படியானால் அதன் ஒழுங்குப்படி சாப்பிடு, கும்பிடு என்கிறது. இரண்டுமே 2004இல் போய்விட்டன. கிடா வெட்டுகிறவர்கள் ஓட்டுப் போடுகிறவர்களாகவும் இருந்ததே காரணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு மதங்களுக்கு வெளியே 'பிற' என்ற கட்டத்தில் விழுந்தவர்கள் சுமார் 79 லட்சம். அதில் 49 லட்சத்துக்கு மேல் சர்னா என்று எழுதச் சொன்ன ஆதிவாசிகள். தங்களுக்குத் தனிக் கட்டம் வேண்டுமென்பது அவர்கள் போராட்டம். 2020இல் ஜார்க்கண்ட் சட்டமன்றம் அதற்குத் தீர்மானமே போட்டது. அயோத்திதாசர் அந்தக் காலத்திலேயே இந்தச் சூட்சுமத்தைக் கண்டுகொண்டவர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, கணக்கெடுப்பில் எந்தப் பெயரில் நிற்பது என்பதையே அரசியலாக்கினார். கட்டத்தை நிராகரிப்பது எனக்குச் சுலபம். கட்டமே மறுக்கப்பட்டவர்களுக்கு அது முதல் உரிமை. கட்டுடைப்பு பேசும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

5

இன்னொரு வசதியையும் நான் விட்டுவிட விரும்பவில்லை. நாட்டார் தெய்வம் என்றாலே எதிர்ப்பு, கலகம் என்று நம் வட்டாரத்தில் எழுதி எழுதிப் பழகிவிட்டோம். அதே கிடாவெட்டில் பறையடிக்கிறவர் எங்கே நிற்கிறார், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, முதல் மரியாதை யாருக்கு? கருப்பனும் சாதியைக் காவல் காத்திருக்கிறான். பூவாடைக்காரியும் நிரபராதி அல்ல. எங்கள் வீட்டுச் சாமி எப்படிச் செத்தாள் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குடா இப்ப" என்றார். அவளைக் கும்பிடுவதன் மூலம் நாங்கள் எதைப் பேசாமல் இருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆசீவகமே தமிழரின் ஆதி மதம் என்று கிளம்பியிருக்கிறவர்களுக்கும் இதுவே பதில். அட்டவணையில் நமக்கும் ஒரு வரி கேட்பது, அட்டவணையைக் கேள்வி கேட்பதாகாது.

ஆக, மதங்களைப் பற்றி இனி எழுதப் போகிறவர்கள் சில கேள்விகளையாவது எடுத்துக்கொள்ளலாம். நூலில்லாத வழிபாட்டின் நினைவு எதில் தங்குகிறது, சமையலிலா, புடவையிலா, சாமியாடியின் உடம்பிலா? பெண்கள் மட்டுமே நடத்தும் சடங்குகளை எந்த மதக் கணக்கில் எழுதுவது? நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டு போகிறவர், போகும் அந்த ஒரு நாளில் என்ன மதம்? ஒரு சாமிக்குக் கிடா நின்று சர்க்கரைப் பொங்கல் வந்த வருஷம் எது, அந்த வருஷம் கோயில் நிர்வாகம் யார் கைக்குப் போனது?

தள்ளிப்போன கணக்கெடுப்பை 2027க்கு அறிவித்திருக்கிறார்கள். சாதியும் கேட்கப்போகிறார்கள். கணக்கெடுப்பவர் பெரியம்மா வீட்டுக்கு வரும்போது மதம் என்ற கட்டத்தை அவரிடம் கேட்காமலேயே நிரப்பிவிட்டுப் போவார். கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று நான் இந்த முறை கேட்டு வைத்திருக்கிறேன். "எந்த மதம்னா? நாங்க பூவாடைக்காரி வீடு" என்றார்.