தொண்ணூற்றொன்றாம் நாள்

பெங்களூரு சிவாஜிநகர் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ, விடியலில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் பழைய ஸ்கூட்டர், இன்ஃபன்ட்ரி சாலை அலுவலக வாசலில் நிற்கும் கார் ஆகிய மூன்றுக்கும் சட்டம் ஒன்றுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி பொதுச் சாலைக்கு வரக் கூடாது. வந்து பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் பணம் கட்டத் தவறிக் காப்பீடு விட்டுப்போன பிறகு, மறுபடி எடுக்க வருகிறவரிடம் எவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள் என்று பார்த்தால், மூன்று வண்டிக்கும் ஒரே விடை வருவதில்லை. கார்க்காரருக்கு அடி பலமாக விழுகிறது. மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளும் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் கட்டணத்தில் அநேகமாக எந்த மாற்றமும் இல்லை. காப்பீடு அறுந்துபோவதற்கு நம் நடைமுறை வைத்திருக்கும் தண்டனை, தெருவில் போகிறவருக்கு அதனால் வரும் ஆபத்தோடு தொடர்பே இல்லாமல் நிற்கிறது என்பதுதான் என் வாதம்.

அமெரிக்காவில் மாதத் தவணை தவறினால், நிறுவனம் சில நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிப் பாலிசியை ரத்து செய்யும். அடுத்த நிறுவனம் அந்த இடைவெளியைக் காட்டியே கட்டணத்தை ஏற்றும். நம் ஊரில் வாகனக் காப்பீட்டுக்கு மாதத் தவணை என்ற வழக்கம் வேர்விடவில்லை. காரணம், 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தில் 1968 திருத்தத்தின் வழியாக நுழைந்த 64விபி பிரிவு. முன்பணம் கைக்கு வராமல் எந்தப் பொறுப்பையும் நிறுவனம் ஏற்கக் கூடாது என்கிறது அது. இதன் நியாயத்தை மறுக்க முடியாது. விபத்து நடந்த பிறகு ஓடி வந்து பணம் கட்டுகிறவரின் செலவு, ஒழுங்காகக் கட்டிய மற்றவர்கள் தலையில்தான் விழும். ஏஜென்டின் சட்டைப்பையிலும் பெரிய வாடிக்கையாளரின் கடன் கணக்கிலும் பிரீமியம் தூங்கிக்கொண்டிருந்தால், இழப்பீடு கொடுக்க நிறுவனத்திடம் காசு இருக்காது. அந்த வகையில் 64விபி தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. நிறுவனம் தன் இஷ்டத்துக்குப் பாலிசியை முறிப்பதற்கும் இப்போது கடிவாளம் இருக்கிறது: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, மோசடி நிரூபணமானால் மட்டுமே, ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம்.

ஆகவே நம்மிடம் பணம் தவறுவது இரண்டே வழிகளில் வெளிப்படும். ஒன்று, கொடுத்த செக் திரும்பி வருவது. மற்றொன்று, தேதி முடிந்தும் புதுப்பிக்காமல் விடுவது. செக் விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்கான சட்டத்தைத் தெளிவாக்கிய வழக்குகளில் இரண்டு கர்நாடகத்திலிருந்தே போனவை. முதல் வழக்கில், 1997 அக்டோபரில் கொடுத்த செக் சில நாளிலேயே திரும்பியது. நிறுவனம் பாலிசியை ரத்து செய்து உரிமையாளருக்கும் தெரிவித்துவிட்டது. விபத்து நடந்தது 1998 பிப்ரவரியில். நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் பாதிக்கப்பட்டவர்கள் ஏழைகள் என்பதால், அரசமைப்பின் 142ஆம் பிரிவைக் கையில் எடுத்து, முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு ஆணையிட்டது. இரண்டாவது வழக்கில் பேருந்து ஒன்றின் பாலிசி 2004 ஏப்ரல் 16இல் தொடங்கியது. மே 11இல் விபத்து. செக் திரும்பியதைச் சொல்லி நிறுவனம் ரத்துக் கடிதம் எழுதியது மே 13இல், அது உரிமையாளர் கைக்குப் போனது மே 21இல். விபத்து நாளில் ரத்து நடக்கவில்லை, ஆகவே மூன்றாம் நபருக்கு நிறுவனமே பொறுப்பு என்று 2012 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பாலிசித் தாளின் அடியில், செக் திரும்பினால் இந்தப் பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்த வரி உரிமையாளரை மட்டுமே கட்டும், தெருவில் அடிபட்டவரைக் கட்டாது என்பதைத்தான் இந்தத் தீர்ப்பு நிலைநாட்டுகிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் இதன் விளைவு விசித்திரமானது. ஏமாற்றும் நோக்கத்தோடு, கணக்கில் பணமில்லாமலே செக் கொடுத்தவரின் வண்டியில் அடிபட்டவருக்கு, ரத்துக் கடிதம் போய்ச் சேரும் வரை பாதுகாப்பு உண்டு. பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, பள்ளிக் கட்டண மாதத்தில் ஒரு வாரம் தள்ளிப்போட்டவரின் வண்டியில் அடிபட்டவருக்கு எதுவும் இல்லை. பாலிசியின் கடைசி நாள் நள்ளிரவோடு பொறுப்பு தானாக முடிகிறது. யாரும் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. செக் புத்தகம் மறைந்து யுபிஐ வந்துவிட்ட காலத்தில், நீதிமன்றங்கள் பாடுபட்டு எழுப்பிய அந்தப் பாதுகாப்பு மெல்ல மெல்லப் பயனிழந்து வருகிறது. பிரச்சினை முழுக்க இரண்டாம் வழிக்கு, அதாவது சத்தமில்லாமல் காலாவதியாகும் பாலிசிக்கு நகர்ந்துவிட்டது. நாட்டின் வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாமல் ஓடுவதாக நாடாளுமன்ற நிலைக்குழு 2024இல் கவலைப்பட்டது இந்த வகையைப் பற்றித்தான்.

இனி கட்டணத்துக்கு வருவோம். பேச்சுவழக்கில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்பது இரண்டு பாகம்: பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு, நம் வண்டிக்கான சேதக் காப்பீடு. முதலாவதின் விலையை அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி 75 முதல் 150 சிசி வரையிலான இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 3,416 ரூபாய், வரி தனி. இடையில் எத்தனை மாதம் விட்டிருந்தாலும் இந்த விலை ஒரு ரூபாய் கூடாது. இரண்டாவதின் விலை 2007 ஜனவரி 1 முதல் நிறுவனங்களின் கையில். அதில்தான் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்ற தள்ளுபடி வருகிறது. இழப்பீடு கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் தள்ளுபடி பிழைக்கும். தொண்ணூற்றொன்றாம் நாள் அது பூஜ்யமாகிவிடும்.

பூஜ்யம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேதக் காப்பீட்டின் முழு விலை 8,000 ரூபாய், வண்டியின் மதிப்புத் தேய்மானத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத் தள்ளுபடியில் 4,000 கட்டிக்கொண்டிருந்தவர் இனி 8,000 கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு 6,400, அதற்கடுத்து 6,000, பிறகு 5,200, பிறகு 4,400. பழைய 4,000க்குத் திரும்ப ஐந்து ஆண்டு. கூடுதலாகப் போனது மொத்தம் 10,000 ரூபாய். காப்பீடில்லாமல் ஓட்டியதற்கு அரசு போடும் முதல் அபராதத்தைப் போல ஐந்து மடங்கு! அதுவும் வண்டி அந்த மூன்று மாதமும் ஷெட்டிலேயே நின்றிருந்தாலும் இதே தொகைதான்.

இந்தத் தண்டனைக்கு நிறுவனங்கள் சொல்லும் நியாயம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. பாலிசி இல்லாத நாள்களில் நடந்த விபத்து அவர்களுக்குத் தெரிய வராது. க்ளெய்ம் இல்லை என்பதற்கு அங்கே பொருளே இல்லை. தவிர, பணத்தில் அசட்டையாக இருப்பவர் ஓட்டுவதிலும் அசட்டையாக இருப்பார் என்பது காப்பீட்டுக் கணக்கர்கள் உலகெங்கும் சொல்லும் வாதம். முதலாவதற்கு நம் பழைய மோட்டார் கட்டண விதிகளிலேயே பதில் இருக்கிறது. வண்டியை விற்றுவிட்டவர் தன் தள்ளுபடியை மூன்று ஆண்டு வரை பத்திரப்படுத்தி, அடுத்து வாங்கும் வண்டிக்குப் பயன்படுத்தலாம். அந்த மூன்று ஆண்டில் அவர் நண்பரின் வண்டியை ஓட்டி எத்தனை பேரை இடித்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆக, ஓட்டுநரின் பழைய நற்பெயர் மூன்று ஆண்டு கெடாமல் இருக்கும் என்று நம்பும் அதே விதி, வண்டியை வைத்திருப்பவரின் நற்பெயர் மூன்று மாதத்தில் ஊசிப்போகும் என்கிறது. இடைவெளிக்கான ஆண்டைத் தள்ளுபடிக்குச் சேர்க்காமல் விடுவது நியாயம், ஒரு படி இறக்குவதும் நியாயம். இடைவெளிக்குப் பிறகு வண்டியை நேரிலோ வீடியோவிலோ பார்த்துத்தான் பாலிசி கொடுக்கிறார்கள் என்பதால் மறைந்த சேதத்துக்கும் வழியடைத்தாயிற்று. ஐந்து ஆண்டு சேர்த்ததை ஒரே நாளில் துடைப்பதற்கு வசூல் ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இரண்டாவது வாதம் கடினமானது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் உண்மை எல்லாவற்றையும் விலையில் ஏற்ற வேண்டும் என்பதில்லை. கலிஃபோர்னியா மக்கள் 1988 நவம்பரில் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, முன்பு காப்பீடு இல்லை என்ற ஒரே காரணத்தைக் கட்டணத்துக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது என்று தடுத்தது. விட்டவர் திரும்பி வரும் வாசலில் சுங்கம் வைத்தால் அவர் வராமலே இருந்துவிடுவார் என்ற கவலை அதில் இருக்கிறது. இந்த அளவுகோலில் பார்த்தால் நம் மூன்றாம் நபர் காப்பீட்டின் ஒரே விலை ஒரு பெரிய பலம். இரண்டு வருடம் விட்டுவிட்டு வருகிறவரும் அதே 714 கட்டிவிட்டுப் போகலாம். சேதக் காப்பீடு தவறியவரைத் துரத்துகிறது, மூன்றாம் நபர் காப்பீடு வா என்கிறது. பொதுநலனுக்கு மூன்றாம் நபர் காப்பீடே முக்கியம் என்பதால், இந்த அளவில் ஏற்பாடு தற்செயலாகவேனும் சரியாக அமைந்திருக்கிறது.

குறை, விட்ட நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில்தான். அதன் விலையைக் கொடுப்பவர் அடிபட்டவர். அடித்த வண்டி நிற்காமல் ஓடி, அடையாளமும் தெரியாமல் போனால், 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு இரண்டு லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. அதே வண்டி நின்று, எண் தெரிந்து, காப்பீடு மட்டும் முடிந்திருந்தால், இந்தத் தொகை கிடையாது. உரிமையாளர் மேல் வழக்குப் போட்டு, அவரிடம் இருப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். காப்பீடில்லாமல் விபத்தில் சிக்கிய வண்டியை, உரிமையாளர் ஈடு காட்டாவிட்டால் ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட விதி கொண்டுவருமாறு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. பதினைந்து வருட ஸ்கூட்டர் ஏலத்தில் என்ன விலை போகும் என்பதை சிவாஜிநகர் குஜ்ரியில் பழைய பாகம் பிரித்து விற்பவர்கள் சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் இழப்பீட்டுக்கு அந்தத் தொகை ஈடாகாது.

இந்த வெற்றிடத்தை அடைக்க நடந்த பெரிய முயற்சிக்குக் காரணம் ஒரு தமிழர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டு, புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. செப்டம்பர் 1 முதல் நடைமுறை. சரியான மருந்து, ஆனால் வண்டியின் இளமைக்கு மட்டும். ஐந்தாண்டு முடிந்து, கைமாறி, பழைய உரிமையாளரின் போன் எண்ணுக்கே நினைவூட்டல் போய்க்கொண்டிருக்கும் பருவத்தில் அது வேலை செய்யாது. ஆட்டோவுக்கோ அந்த வசதி தொடக்கத்திலிருந்தே இல்லை. பயணிகளையும் கணக்கிட்டு வரி சேர்த்தால் ஏறத்தாழ 7,000 ரூபாயை ஒவ்வொரு ஆண்டும் மொத்தமாகப் புரட்ட வேண்டும். தகுதிச் சான்றான எஃப்.சி. எடுக்கும் நாளில் காப்பீடு கேட்பார்கள் என்பதால் அன்றைக்கு இருக்கும்.

நான் சொல்லும் மாற்று புதிதல்ல. 2020 மார்ச் 25 ஊரடங்கில் மத்திய அரசு 64விபி பிரிவையே தளர்த்தியது. அந்த நாள்களில் முடியும் மூன்றாம் நபர் பாலிசியைப் பின்னர் மே 15 வரை புதுப்பிக்கலாம், பாதுகாப்பு பழைய தேதியிலிருந்தே தொடரும் என்றது. எந்த நிறுவனமும் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. அதையே நிரந்தரமாக்கி, மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டும் 30 நாள் நீட்டிப்புக் கொடுத்து, புதுப்பிக்கும்போது பழைய தேதியிலிருந்து கட்டணம் வாங்கலாம். அவகாசம் கொடுத்தால் எல்லோரும் அதையே கெடுவாக்கிக்கொள்வார்கள் என்பார்கள். ஆக்கிக்கொள்ளட்டுமே, கட்டணம் பழைய தேதியிலிருந்துதானே ஓடுகிறது. புதுப்பிக்கவே வராதவருக்கு ஆகும் செலவு, 714இல் முப்பது நாள் பங்கு, அறுபது ரூபாய்க்கும் கீழே. சிவாஜிநகரில் அரைப் பிளேட் பிரியாணிகூட வராது. அந்த நாள்களில் விபத்து நடந்தால், 2007 தீர்ப்பின் வழியிலேயே நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும். வசூலிக்கும் பலம் நிறுவனத்துக்கு உண்டு, அடிபட்டவரின் மனைவிக்கு இல்லை.

இதைவிட எளிது மாதத் தவணைதானே என்று கேட்கலாம். எனக்குத் தயக்கம் உண்டு. தவணை வந்தால் ஆண்டுக்கு ஒரு முறை தவறக்கூடியது பன்னிரண்டு முறை தவறக்கூடியதாகும். அமெரிக்கச் சிக்கலை அப்படியே இறக்குமதி செய்வோம். தவறிய தவணை மூன்றாம் நபர் பொறுப்பை முறிக்காது என்ற நிபந்தனையோடுதான் அதை அனுமதிக்கலாம். அதற்கு 64விபியிலேயே இடம் இருக்கிறது: பணம் வராவிட்டாலும், குறித்த காலத்தில் வரும் என்று முறைப்படி உத்தரவாதம் இருந்தால் போதும் என்கிறது அது. ஆட்டோவுக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர் மாதாமாதம் தவணை வாங்குகிறார், பதிவுச் சான்றான ஆர்.சி.யில் அவர் பெயர் இருக்கிறது. கடன் முடியும் வரை அந்த உத்தரவாதத்தை அவரிடம் கேட்பதில் தவறில்லை. கடன் முடிந்து வண்டி இரண்டாம், மூன்றாம் கைக்குப் போன பிறகு உத்தரவாதம் கொடுக்க ஆள் இருக்காது. 2019 திருத்தம் உருவாக்கிய வாகன விபத்து நிதி அந்த இடத்தில் வந்து நிற்கலாம். காப்பீடில்லாத வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கும், ஓடிப்போன வண்டிக்குக் கொடுக்கும் அந்த இரண்டு லட்சத்தையாவது அதிலிருந்து கொடுக்க ஒரு விதித் திருத்தம் போதும்.