வீட்டுக் காவலுக்கு ஏற்ற ஷாட்கன்: மாஸ்பெர்க் 500 குறித்து ஓர் ஆய்வுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு குடும்பத்தார் தங்கள் இல்லத்தின் பாதுகாப்பை உத்தேசித்துத் துப்பாக்கி வாங்குவதென்று தீர்மானித்துக் கடைக்குள் நுழைந்தால், விற்பனையாளர் சுவரிலிருந்து எடுத்து அவர்கள் கையில் கொடுப்பது பெரும்பாலும், இந்தியாவில் 12 போர் என்று வழங்கும் 12 கேஜ் அளவில், முன்பிடியை இழுத்துத் தள்ளி இயக்கும் பம்ப் வகை ஷாட்கன்னாகவே இருக்கிறது. விலை குறைவு, அமைப்பு எளிது, நூறாண்டுக்கு மேற்பட்ட பரீட்சையில் தேறிய வகை. ஆகவே அந்த யோசனையில் குற்றமில்லை. ஆனால் வீட்டிலுள்ள ஆஜானுபாகுவான ஒருவரை மட்டும் மனத்தில் கொண்டு ஆயுதத்தைத் தேர்ந்துவிட்டு, அவர் ஊரில் இல்லாத இரவொன்றில் அதைத் தூக்க நேரும் மனைவியையோ தாயையோ அதன் எடையோடும் நீளத்தோடும் உதையோடும் போராடவிடுவது பெரும் பிழை. அதை எடுக்கக் கூடியவர்களுள் உடலாற் சிறியவர் எவரோ அவருக்குப் பொருந்துமாறே துப்பாக்கியை வாங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பெரியவர் சிறியதைச் சமாளித்துக்கொள்வார். சிறியவரால் பெரியதைச் சமாளிக்க இயலாது. இந்த நோக்கத்தோடுதான் மாஸ்பெர்க் 500-ஐயும், அதன் நெடுநாளைய போட்டியான ரெமிங்டன் 870-ஐயும் மாறி மாறிக் கையாண்டு பார்த்தேன்.

ரெமிங்டன் 870 வெளிவந்த ஆண்டு 1950. எஃகினாற் கடைந்தெடுத்த உடற்பகுதியும், வழுவழுப்பாக ஓடும் முன்பிடியும் அதற்குப் பெருமை சேர்த்தன. ஒரு கோடிக்கு மேல் உற்பத்தியாகி, காவல்துறை வாகனங்களிலும் வேட்டைக்காரர் வீடுகளிலும் அது நிலைபெற்றது. அதை உருவாக்கிய ஸ்தாபனமோ 2018-லும் 2020-லும் திவால் மனுக் கொடுத்து, பிரித்து விற்கப்பட்டு, நியூயார்க் மாகாணத்து இலியன் ஊரிலிருந்த தன் பழம்பெரும் ஆலையும் 2024-இல் மூடப்படக் கண்டது. மாஸ்பெர்க் 1919-இல் கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் ஆரம்பமான குடும்ப ஸ்தாபனம். அதன் 500 என்னும் மாதிரி 1960-களின் தொடக்கத்தில் வந்து, அதுவும் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்து இயக்கினால் ரெமிங்டனின் ஓட்டம் மெருகானது என்பதை எவரும் ஒப்புவர். மாஸ்பெர்க்கின் முன்பிடி சற்றே தளர்ந்து ஆடும். அலுமினியக் கலப்பு உலோகத்தாலான உடற்பகுதி கையில் எளிமையாகவே தோன்றும்.

அப்படியிருந்தும் வீட்டுக்கு நான் மாஸ்பெர்க்கையே விரும்புவதன் பிரதான காரணம், அதன் பாதுகாப்புப் பொத்தான் அமைந்திருக்கும் இடம். ரெமிங்டனில் அது விசையின் பின்புறம் குறுக்காகச் செல்லும் ஒரு பொத்தான். வலக்கைக்காரர் சுட்டுவிரலால் தள்ளலாம், இடக்கைக்காரருக்கு அது எதிர்த்திசை. இருளில் அது எந்நிலையில் உள்ளதென்று தடவித்தான் அறிய வேண்டும். மாஸ்பெர்க்கில் அது உடற்பகுதியின் மேற்புறத்தில், பின்கோடியில், கட்டையைப் பற்றும் கையின் கட்டைவிரல் தானாகவே சென்று அமரும் இடத்தில் உள்ளது. முன்னே தள்ளினால் செந்நிறப் புள்ளி தெரியும், பின்னே இழுத்தால் மறையும். இடக்கை வலக்கை பேதமில்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்த நிலையிலேயே, பிடியைத் தளர்த்தாமல், பார்வையைத் திருப்பாமல் அதன் நிலையை அறிய முடிகிற இந்தச் சௌகரியம், பல கைகள் உபயோகிக்கக் கூடிய ஓர் இல்லத்து ஆயுதத்துக்கு விலைமதிப்பற்றது. செலுத்தத் தயாராக நின்ற முன்பிடியை விடுவிக்கும் சிறு நெம்புகோலும் விசைக் காப்பின் பின்னே, நடுவிரல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தகடு, இயந்திரம் மூடியிருக்கையில் மேலேயே ஒதுங்கி நிற்பதால், மேகஸினில் தோட்டாக்களை நுழைக்கும் கட்டைவிரலுக்கு அது குறுக்கே வருவதில்லை.

இந்த நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. துப்பாக்கிக் கட்டை பழைய நேரான வடிவத்தில் இருக்கும்வரைதான் மேற்புறப் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டும். போர்வீரர் தோற்றத்தை விரும்பிக் கைத்துப்பாக்கியின் பிடிபோல் கீழ்நோக்கிய பிடி வைத்த கட்டையைப் பொருத்திக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் கையைப் பிரித்து மேலே கொண்டுபோக வேண்டிவரும். தோளில் ஊன்றும் கட்டையே இல்லாமல் வெறும் பிடியோடு விற்கப்படும் மாதிரிகளை வீட்டுக் காவலுக்கென்று வாங்குவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். குறிபார்க்கவும் முடியாது, உதையைத் தாங்கவும் முடியாது. சாதாரண 500-இல் பொத்தானும் விசைக் காப்பும் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதும் ஒரு குறையே. அதே குடும்பத்து 590ஏ1 என்னும் மாதிரி கனத்த குழலும் உலோக உறுப்புகளும் கொண்டது. ஆனால் அதன் எடை என் அளவுகோலின்படி சிறிய உடலுக்குப் பாரம்.

இப்போது கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை உள்ள தூரம் வழக்கமான ஷாட்கன்களில் ஏறத்தாழ 14 அங்குலம். இது ஆறடி உயரமுள்ளவருக்கு வகுத்த அளவு. ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள ஒரு பெண்மணி அதைத் தோளில் ஊன்ற முயலும்போது, கட்டையின் முனை தோளின் குழியில் அமராமல் புஜத்தின்மேல் விலகி நிற்க, முன்பிடியை எட்டுவதற்காக இடக்கை முழுதும் நீண்டுவிட, எடையைச் சமன்செய்ய உடல் பின்னோக்கிச் சாய, அந்த நிலையில் வெடிக்கும் துப்பாக்கியின் உதை தேகத்தில் பரவாமல் ஓரிடத்தில் இறங்கி வலிக்கிறது. அதைவிட மோசமான விளைவு ஒன்றுண்டு: நீட்டிய கையால் முன்பிடியை முழுத்தூரமும் இழுக்க முடியாமல் பாதியில் திருப்பித் தள்ளிவிட, வெற்று உறை வெளியேறாமலோ, புதுத் தோட்டா ஏறாமலோ இயந்திரம் திணறி நின்றுவிடும். பம்ப் துப்பாக்கிகளுக்குச் சொல்லப்படும் தடங்கல்களில் பெரும்பாலானவை இப்படிக் கையால் விளைபவையே. 12 அல்லது 13 அங்குல நீளமுள்ள கட்டையைப் பொருத்தினால் இவை அனைத்தும் ஒருங்கே குறைந்துவிடுகின்றன. துப்பாக்கியில் செய்துகொள்ளக் கூடிய மாற்றங்களுள் இதற்கு நிகரான பயன் தருவது வேறில்லை. பிறகே விளக்கு, பின்பே தோள்வார்.

12 கேஜா, 20 கேஜா என்னும் கேள்வி இதற்கு அடுத்தபடி வருகிறது. குழலின் உள்விட்டம் முன்னதில் 18.5 மில்லிமீட்டர், பின்னதில் 15.6. குழலுக்குப் பொருந்தும் ஈயக்குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே கேஜ் எண், ஆதலால் எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். 12 கேஜில் வீட்டுக் காவலுக்கென்று பெரும்பாலோர் வைப்பது டபுள் ஆட் பக்‌ஷாட். ஒரு தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டுகள் 8 அல்லது 9. 20 கேஜில் கால் அங்குலக் குண்டுகள் 20 அடங்கிய மூன்றாம் எண் பக்‌ஷாட் கிடைக்கிறது. காவல்துறைக்கென்று முதலில் வந்து இப்போது பொதுமக்களுக்கும் கிடைக்கிற, வேகத்தைக் குறைத்து உதையைத் தணித்த 12 கேஜ் தோட்டாக்கள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைப் பெரிதும் சுருக்கிவிட்டன. ஆகவே முதலில் குட்டைக் கட்டையோடும் தணிந்த தோட்டாவோடும் 12 கேஜைச் சோதித்துப் பார்த்து, அதுவும் அச்சம் தருமானால் தயக்கமின்றி 20-க்குச் செல்லலாம். வெடிக்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடுவதைவிட, 20 கேஜைக் கண் திறந்து குறிபார்த்துச் சுடுவது மேல். ஒரே வீட்டில் இரண்டு அளவுகளையும் வைத்திருப்பது மட்டும் கூடாது. 20 கேஜ் தோட்டா தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கிக்குள் விழுந்தால், குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கி நிற்கும். பின்னே 12 கேஜ் தோட்டா ஏறிவிடும். சுட்டால் குழல் வெடித்துவிடும். இந்த அபாயத்தை உத்தேசித்தே 20 கேஜ் தோட்டாக்களின் உறை மஞ்சள் நிறமாக வைக்கப்பட்டுள்ளது.

ஷாட்கன்னுக்குக் குறிபார்க்க வேண்டியதில்லை, குழலைத் திருப்பினால் அறை முழுவதும் ரவை பரவும் என்னும் நம்பிக்கையைப் போல் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடியது வேறொன்றும் இல்லை. சாதாரண பக்‌ஷாட் கெஜத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் விரிகிறதென்பது பழைய கணக்கு; வீட்டுக் கூடத்தின் நீளம் ஆறு ஏழு கெஜம் எனக் கொண்டால், அங்கு போய்ச் சேரும்போது குண்டுக்கூட்டம் ஆறேழு அங்குல அகலம் இருக்கும், அவ்வளவே. ரவையை இறுக்கிப் பிடித்துச் செல்லும் விசேஷ உறையுள்ள தோட்டாக்களில் அது இன்னும் சுருங்கும். குறி தவறிய குண்டுகளோ, அமெரிக்க வீடுகளின் அறைகளைப் பிரிக்கும் ஜிப்சம் பலகைச் சுவர்களை அடுத்தடுத்துத் துளைத்துச் செல்ல வல்லவை. சுவரைத் துளைக்காத ரவை வேண்டுமென்று பறவை வேட்டைக்கான பொடி ரவையை நாடுவோரும் உண்டு. அது ஆபத்தான மனிதனைத் தடுத்து நிறுத்தும் ஆழத்துக்கும் செல்வதில்லை என்பதே அதன் குறை. எந்தத் திசையில் யார் உறங்குகிறார்கள் என்பதைப் பகலிலேயே ஆராய்ந்து வைப்பது தவிர இதற்குப் பரிகாரமில்லை. முன்பிடியை இழுக்கும் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பதும் நம்பத் தக்கதன்று; நாம் நிற்கும் இடத்தை அது அவனுக்கு அறிவித்துவிடும்.

சேமித்து வைக்கும் முறை இதைவிட முக்கியம். இவ்வகைத் துப்பாக்கிகளின் பாதுகாப்புப் பொத்தான் விசையைத் தடுக்குமே தவிர, கீழே விழுந்த அதிர்ச்சியில் உள்ளுறுப்புகள் நழுவாமல் காக்கும் என்று கொள்ள முடியாது. ஆதலால் குழலின் பின்முனை அறையான சேம்பரில் தோட்டா வைத்தபடி ஷாட்கன்னை எந்த வீட்டிலும் வைக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில், வருகிற குழந்தைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆயுதம் பூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அலமாரியின் உச்சியும் மெத்தையின் அடியும் பூட்டாகா. எண்களை அழுத்தினால் திறக்கும் நீண்ட எஃகுப் பெட்டிகள் கிடைக்கின்றன. துப்பாக்கியோடு வரும் கம்பிப் பூட்டு அவசியமான ஆரம்பம் மட்டுமே. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்ற உண்மையை இந்த இடத்தில் சொல்லாமல் விடுவது விமர்சகனின் கடமைக்குப் பொருந்தாது. வீட்டிலுள்ள ஒருவரின் மனம் கலங்கியிருக்கும் காலத்தில் எந்தத் துப்பாக்கியும் அந்த வீட்டில் இருக்கலாகாது. வாங்குவதை ஒத்திப்போட வேண்டும், முன்பே இருப்பதை வெளியே ஒப்படைக்க வேண்டும்.

வாங்கும் விதி சுருக்கமானது. உரிமம் பெற்ற கடையில் 4473 என்னும் படிவத்தை நிரப்பினால், 1998 முதல் நடைமுறையிலுள்ள தேசியப் பின்னணிப் பரிசோதனை நடைபெறும். ஷாட்கன்னுக்குக் குறைந்த வயது கூட்டரசுச் சட்டப்படி 18. இல்லினாய், மாசசூசெட்ஸ் போன்ற மாகாணங்களில் முன்னதாகவே அட்டையோ உரிமமோ பெற வேண்டும். நிரந்தர வசிப்புரிமை அட்டை பெற்ற நம்மவர் வாங்கலாம். தற்காலிக வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்கு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கைவசம் வைத்திருப்பதே குற்றம். குழல் 18 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் குழலை அறுத்துக் குறுக்குவது கடும் தண்டனைக்குரியது. கடைகளில் காவலுக்கென்று வரும் குழல்கள் பெரும்பாலும் பதினெட்டரை அங்குலமாக இருப்பதன் காரணம் இதுவே.

பொருள் வசதி மிகுந்தவர்கள், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பெரெட்டா 1301-ஐயோ பெனெல்லி எம்4-ஐயோ நாடலாம். முன்பிடியை இழுக்கும் வேலை இல்லாததாலும், வாயுவின் ஒரு பகுதி இயந்திரத்தை இயக்கச் செலவாகி உதை தணிவதாலும், சிறிய உடலினருக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அவற்றின் விலையில் ஒரு மாஸ்பெர்க்கும், நல்ல பெட்டியும், ஆசிரியரிடம் பயிற்சியும், வேண்டிய தோட்டாக்களும் வாங்கிவிடலாம் என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மாஸ்பெர்க் வாங்கியதும், வீட்டுக்குள் நேராகச் சுடக் கூடிய மிக நீண்ட தூரத்தை அளந்துகொண்டு, பயிற்சிக் களத்தில், காதுக் காப்பும் கண்ணாடியும் அணிந்து, அதே தூரத்தில் காகிதத்தை நிறுத்தி, இரண்டு மூன்று வகைப் பக்‌ஷாட்டைச் சுட்டு எது எவ்வளவு விரிகிறதென்று பார்க்க வேண்டும். வீட்டின் சிறிய உடலினரே அந்தப் பரீட்சையைச் செய்ய வேண்டும். அதில் எல்லாக் குண்டுகளும் காகிதத்துக்குள் அடங்கிய வகையையே வீட்டுக்கென்று வாங்கி, பயிற்சிக்கான மலிவான பொடி ரவைத் தோட்டாக்களை வேறு பெட்டியில், வேறு அலமாரியில் வைத்துக்கொள்வது நலம்.