பார்க்காத முகத்தை வரைவது

ஓவியர் எலிசபெத் பெய்ட்டன் வரைகிற ஆண்களுக்கு உதடு சிவந்திருக்கும். சாயம் பூசிய சிவப்பு மாதிரி தெரியாது. நாவல் பழத்தைத் தின்றுவிட்டு வாயைத் துடைக்க மறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். தோல் வெளுத்து, கன்னம் ஒடுங்கி, முடி நெற்றியில் ஈரமாக ஒட்டிக்கிடக்கும். நெப்போலியனுக்கும் இதே அலங்காரம், பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக்குக்கும் இதே அலங்காரம். கர்ட் கோபேனையும் அவர் அப்படித்தான் வரைந்திருந்தார். முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ‘நிர்வாணா’ ராக் குழுவின் பாடகனை, அந்தக் கரகரத்த தொண்டைக்காரனை, யாரோ சீமாட்டியின் செல்லப்பிள்ளை ஆக்கிவிட்டாரே என்று.

அந்த எரிச்சல் தீரச் சில வருஷங்கள் ஆயின.

கோபேன் 1994 ஏப்ரலில், 27 வயதில், சியாட்டிலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதன்பிறகுதான் பெய்ட்டன் அவரை வரைய உட்கார்ந்தார். 1995இல் நியூயார்க்கில் அந்தப் படங்கள் காட்சிக்கு வந்தன. ஒன்றுக்கு ‘ப்ளூ கர்ட்’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘அலிசரின் கர்ட்’. ராக் நட்சத்திரத்துக்கு ஆளுயரப் படம் போட்டிருப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். பெய்ட்டனின் படங்கள் பெரும்பாலும் மடியில் வைத்துப் பார்க்கிற அளவுதான். பலகையில் வெள்ளைப் பூச்சை வழவழப்பாகத் தேய்த்து ஏற்றி, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தை மெலிசாக, வழுக்கினாற்போல ஓட்டுவார். அடியிலிருக்கும் வெள்ளை மேலே கசியும். எங்கே தூரிகை நின்றது, எங்கே திரும்பியது என்று விரலால் தடவிப் பின்தொடரலாம் போலிருக்கும்.

கர்ட் படங்கள் காட்சிக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1993இல், நியூயார்க்கின் செல்சி ஹோட்டலின் 828ஆம் அறையில் அவர் ஒரு கண்காட்சி வைத்தார். பார்க்க வருகிறவர்கள் வரவேற்பு மேசையில் சாவியை வாங்கிக்கொண்டு தாங்களே திறந்து உள்ளே போக வேண்டும். அங்கே கரியிலும் மையிலும் வரைந்த நெப்போலியனும் லுட்விக்கும் இருந்தார்கள். செத்து நூறு வருஷத்துக்குமேல் ஆனவர்களை, புத்தகத்தில் படித்து, படத்தில் பார்த்துக் காதலித்து வரைந்தவருக்கு, கர்ட் ஒன்றும் புதுவகை மனிதர் ஆகிவிடவில்லை. அவரையும் பெய்ட்டன் நேரில் பார்த்ததில்லை. பத்திரிகைப் படம்தான்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது குறுக்குவழி, ஆளை எதிரே உட்காரவைத்து வரைந்தால்தான் ஓவியம் என்று சொல்பவர்கள் உண்டு. மற்ற முகங்களுக்கு அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் ராக் இசைக்கலைஞனின் ரசிகன் யார்? கேசட்டின் உள்ளட்டையையும் பத்திரிகையின் நடுப்பக்கத்தையும் பார்த்துப் பார்த்தே ஒருவனைத் தன் மனிதன் ஆக்கிக்கொண்டவன். அவனுடைய பிரியம் புறப்பட்ட இடமே புகைப்படம். அவன் வேறு எதைப் பார்த்து வரைவான்? கர்ட்டே எதிரில் வந்து உட்கார்ந்தாலும், ரசிகன் நெஞ்சில் இருக்கிற ஆள் அவர் இல்லையே.

இதை நான் கையால் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கர்ட்டின் படம் ஒன்றை எடுத்து, பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினேன். அளவு ஒரு நூல் பிசகவில்லை. மூக்கு மட்டும் மாவு உருட்டி ஒட்டினதுபோல் நின்றது. கிட்டத்தில் போய் எடுத்தால் லென்ஸுக்கு முன்னால் இருக்கிற மூக்கு பெருக்கும், காது பின்னால் ஓடிவிடும். படத்தில் அதை நம் கண் மன்னித்துவிடுகிறது, ஓவியத்தில் மன்னிப்பதில்லை. அடுத்தது கண். ஃபிளாஷ் பட்டதால் கருவிழியின் நட்டநடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. விசுவாசமாக அதையும் வைத்தேன். சுவரிலிருந்து என்னைப் பார்த்தது ஒரு மிரண்ட முயல். மூன்றாம் நாள் அந்தப் புள்ளியைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் மேலே, ஓரமாக, வெள்ளையில் துளி நீலம் கலந்து வைத்தேன். முயல் போய் ஆள் வந்தார். படத்தில் இருந்ததை மாற்றிய பிறகுதான் படத்தில் இருந்தவர் வந்தார்!

எந்தப் புகைப்படத்தை எடுப்பது என்பதிலேயே பாதி ஓவியம் முடிந்துவிடுகிறது. சார்லஸ் பீட்டர்சன் சியாட்டில் மேடைகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஷட்டரை மெதுவாக விட்டு, கூடவே ஃபிளாஷ் அடிப்பார். முடி வெளிச்சக் கோடுகளாகத் தெறிக்கும், கிட்டாரின் கழுத்து ஆவிபோல இரண்டாகும். ஆனால் அவற்றை வரையப் போகக் கூடாது. தூரிகை செய்ய வேண்டியதைக் கேமராவே செய்து முடித்துவிட்டது. ஜெஸ்ஸி ஃப்ரோமன் 1993 ஜூலையில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் கர்ட்டை எடுத்தவை வேறு ரகம். வெள்ளை ஃபிரேம் கறுப்புக் கண்ணாடி, சிறுத்தைப்புள்ளிக் கோட்டு, காது மூடுகிற விமானித் தொப்பி. கண்ணே தெரியாது. அதை வரைகிறவர் வாயோரத்தையும் மோவாயின் குறுந்தாடியையும் வைத்தே ஆளைப் பேசவைக்க வேண்டும். நான் துணிந்ததில்லை.

படம் எடுத்தவர் யார் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. 1981இல் லின் கோல்ட்ஸ்மித் பாடகர் பிரின்ஸைப் படம் எடுத்தபோது, அந்த இளைஞருக்கு இமைச்சாயமும் உதட்டுப் பளபளப்பும் தானே போட்டுவிட்டு, கன்ன எலும்பு எடுப்பாகத் தெரிய விளக்குகளை அமைத்தார். 1984இல் ‘வேனிட்டி ஃபேர்’ அந்தப் படத்தை ஒரே ஒரு முறை பயன்படுத்த 400 டாலர் கொடுத்தது; ஆண்டி வாரோல் அதை வைத்துப் பிரின்ஸின் முகத்தை ஊதாவாக்கினார். அதோடு நிறுத்தாமல் மொத்தம் 16 செய்தார். 2016இல் பிரின்ஸ் இறந்ததும் அவற்றுள் ஆரஞ்சு நிறப் பிரின்ஸ் ஒரு நினைவு இதழின் அட்டைக்குப் போனது. கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே மாதம் 7க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ந்தது. சட்டம் கிடக்கட்டும். வாரோல் தோளை வெட்டி, தலையை மட்டும் வண்ணத்தில் மிதக்கவிட்டார். அழகுதான். ஆனால் அந்த எலும்பு, அந்தத் தயக்கப் பார்வை, எல்லாம் கோல்ட்ஸ்மித்தின் விளக்கு தேடிக் கொடுத்தது. வாரோலின் கையில் பிரின்ஸ் ஒரு முத்திரை ஆகிறார். பெய்ட்டனின் கையில் கர்ட் மறுபடியும் யாரோ ஒருவருக்கு வேண்டியவர் ஆகிறார்.

அந்தச் சிவப்புக்கு வருகிறேன். அலிசரின் கிரிம்சன், மஞ்சிட்டி இனத்து வேர்களில் இருக்கிற நிறம். சோழமண்டலக் கரைத் துணிகளைச் சிவக்கவைத்த நம் சாயவேரிலும் அதே சாரம்தான். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். கண்ணாடிபோல ஒளி புகும் நிறம். வெள்ளைமேல் மெலிசாக ஓட்டினால் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரியும். ஒரே குறை, வெயில் பட்டால் வெளிறும். மெலிசாகப் பூசினால் இன்னும் சீக்கிரம். பெய்ட்டன் போன்ற ஒருவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கர்ட்டுக்கு அந்த நிறத்தின் பெயரையே வைத்தார் என்பதில்தான் என் எரிச்சல் கரைந்தது.

நானும் அதே நிறத்தில் ஒரு டியூப் வாங்கினேன். எண்ணெயைத் தாராளமாகக் கலந்து, என் கர்ட்டின் கீழுதட்டில் ஒரே இழுப்பு. படம் மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. வீட்டில் வேறு சுவர் இல்லை. நாலு மணிக்கு வெயில் தோளில் ஏறும். நாலரைக்கு உதட்டுக்கு வந்துவிடும்.