கண் மூடும் இடம்

டிஜிட்டல் கம்யூனிகேஷனை யார் நன்றாக நடத்துவார் என்று கேட்டால், எங்கள் வட்டத்தில் யூனிட்டைச் சொல்லித்தான் ஆளைச் சொல்வார்கள். கிராம்–ஷ்மிட் என்றால் இன்னார் போர்டில் போட வேண்டும். விட்டர்பி என்றால் இன்னார். எனக்கு பேஸ்பேண்ட் யூனிட் ஒன்று போதும். அதிலும் ஐ பேட்டர்ன் ஒன்று போதும். அதை நடத்தும் விதத்தை வைத்தே மற்ற நான்கு யூனிட்டை அவர் எப்படி நடத்துவார் என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

இந்தப் பைத்தியம் பிடித்தது தொண்ணூறுகளில், நான் மாணவனாக இருந்தபோது. எங்கள் சார் ஐ பேட்டர்னை வகுப்பில் நடத்தவே மாட்டார். லேபுக்குக் கூட்டிப்போய் முதல் வேலையாக விளக்கை அணைப்பார். பிரெட்போர்டில் ஒரு 74164, ஒரு 7486. ஏழு கட்ட ஷிஃப்ட் ரெஜிஸ்டர், 127 பிட்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் வரிசை. க்ளாக் 10 கிலோஹெர்ட்ஸ். அதன் பிறகு சேனல் என்ற பெயரில் ஒரு 22 கிலோ ஓம் பாட், ஒரு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அவ்வளவுதான் சாமான். ப்ரோப்பைக் கையில் கொடுத்துவிட்டு, "கண்ணைக் காட்டுங்கய்யா" என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

நாங்கள் டேட்டாவையே ட்ரிகராக வைப்போம். எல்லா பேட்ச்சும் அதைத்தான் செய்யும், அவருக்கும் தெரியும். திரையில் ஏதோ வரும். இடது ஓரத்தில் எல்லாக் கோடும் ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கும் கோடு ஒன்றுகூட இருக்காது. பாதிக் கண். "ஏன் ஒருத்தனும் இறங்க மாட்டேங்கிறான்?" என்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். ஏறும் விளிம்பைப் பார்த்தால்தான் வரைய ஆரம்பி என்று சி.ஆர்.ஓ.வுக்கு நாமே சொல்லியிருக்கிறோம், அப்புறம் இறங்குகிறவன் எப்படி வருவான்? இது உறைப்பதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். உறைத்ததும் யாராவது ஒருவன் க்ளாக்கை எக்ஸ்டர்னல் ட்ரிகரில் செருகி, டைம் பேஸை 20 மைக்ரோசெகண்டுக்குத் தள்ளுவான். பச்சை வெளிச்சத்தில் கண் திறக்கும். ரிசீவருக்கு ஏன் க்ளாக் வேண்டும், சிங்க்ரனைசேஷன் என்று தனி அத்தியாயம் எதற்கு என்பதெல்லாம் அந்த ஒரு வயரில் அடங்கிப்போனது.

அப்புறம் பாட்டைத் திருப்புவார், மெதுவாக. பிட் முடியும் இடத்தில், மேலே ஒற்றையாக இருந்த கோடு இரண்டாகும். "இது ஏன் ரெண்டாச்சு?" முந்தின பிட் பூஜ்யமா ஒன்றா என்பதைப் பொறுத்து. இன்னும் திருப்பினால் இரண்டு நான்காகும். அதற்கும் முந்தின பிட் உள்ளே வந்துவிட்டது. ஐ.எஸ்.ஐ. என்று மூன்றெழுத்தாகப் படித்தது அங்கே கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். நைக்விஸ்ட் 1928-இல் தந்திக்காக எழுதியது, இந்தக் கோடுகளைச் சாம்பிள் எடுக்கும் நொடியிலாவது மறுபடி ஒன்றாக்குவது எப்படி என்ற கேள்வியைத்தான். ரெய்ஸ்ட் கோசைனை அதற்கு முன்னால் போர்டில் எழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

பாட் 14 கிலோ ஓமைத் தாண்டியதும் கண் மூடிவிடும். சார் அப்போதுதான் சாக்பீஸை எடுப்பார். நீளமாகப் பூஜ்யங்கள் வந்து, பிறகு ஒரே ஒரு ஒன்று வந்தால், 100 மைக்ரோசெகண்டுக்குள் அது பாதி உயரமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் கண் போச்சு. பாதிக்கு ஏற ஆகும் நேரம் 0.693 ஆர்.சி.; கணக்குப் போட்டால் 14.4 கிலோ ஓம். பிளஸ் டூவில் அரை ஆயுட்காலத்துக்கு மனப்பாடம் செய்த அதே 0.693! 1858-இல் அட்லாண்டிக் கடலடிக் கேபிளில் விக்டோரியா ராணியின் 98 சொல் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்ததையும் அந்தச் சமயத்தில்தான் சொல்வார். "அந்தக் கேபிளும் இந்தப் பாட்டும் கெப்பாசிட்டரும்தான், என்ன, கொஞ்சம் நீளம்."

சிக்னல் ஸ்பேஸ் ரசிகர்கள் இதைக் கைவேலை என்பார்கள். வோசன்கிராஃப்ட்–ஜேக்கப்ஸ் 1965-இல் போட்ட பாதை இருக்கிறதே, அலையைப் புள்ளியாக்கிவிட்டால் எல்லா மாடுலேஷனும் ஒரே படத்தில் அடங்குமே என்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் நேரம் என்று ஒன்று கிடையாது. சரியான நொடியில் யாரோ சாம்பிள் எடுத்துக் கொடுத்த பிறகுதான் புள்ளி பிறக்கிறது. எடுத்துக் கொடுத்தவன் பட்ட பாடு கண்ணில்தான் தெரியும்.

மேட்லாபில் ஒரே கமாண்டில் கண் வந்துவிடுகிறது. அதில் ட்ரிகர் ஒருநாளும் தப்பாது, அதுதான் குறை. புதிய டி.எஸ்.ஓ.க்களிலோ டிஸ்ப்ளே மெனுவுக்குள் பெர்சிஸ்டென்ஸ் இருக்கிறது, அழுத்துவாரில்லை. ஸ்டாப் பட்டனை அழுத்தி, உறைந்த ஒற்றைக் கோட்டைப் படமெடுத்து ரெக்கார்டில் ஒட்டுகிறார்கள். பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ஆர்.டி.எல். டாங்கிள் ஒன்றை மாட்டி, குனு ரேடியோவில் நிஜமான சிக்னலைப் பிடித்து, டைமிங் லூப் பூட்டிக்கொள்வதைப் பார்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் எனக்குப் பொறாமைதான்.

வலி வேறு இடத்தில். ஒரு கல்லூரிக்கு வைவாவுக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். நல்ல பெண், கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில். பாதாம் பருப்பு மாதிரி கண்ணை வரைந்து, நாய்ஸ் மார்ஜின், ஜிட்டர், பெஸ்ட் சாம்ப்ளிங் டைம் என்று அம்புக்குறிகளும் போட்டுவிட்டாள். "ட்ரிகர் எதும்மா குடுத்தீங்க?" என்றேன். "கிட்டிலேயே ஐ பேட்டர்ன்னு ஒரு டெர்மினல் இருக்கு சார், அதுல ப்ரோப்பை வச்சா வந்துடும்." கிட்டைத் திருப்பிப் பார்த்தேன். அச்சடித்துத்தான் இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்வது, கேள்வித்தாளும் அந்த அம்புக்குறிகளைத்தான் கேட்கிறது.

சார் ஓய்வு பெற்ற அன்று அந்த பிரெட்போர்டை என்னிடம் கொடுத்தார். பாட்டின் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி, கண் மூடும் இடத்துக்கு அவர் வைத்த அடையாளம். இத்தனை வருடம் திருப்பித் திருப்பி உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே மூடிக்கொள்கிறது. போன வாரம் மூன்றாவது பெஞ்சுப் பையன் ஒருவன் அதைக் கவனித்து, "புள்ளி தப்பா இருக்கு சார்" என்றான். மல்டிமீட்டரை எடுத்துவரச் சொன்னேன்.