பட்டிமன்றம்: தோற்ற அணியைக் கேட்பது எப்படி?

பட்டிமன்றம் என்றதும் பண்டிகை நாள் காலையும் தொலைக்காட்சியும் மாமியார் மருமகள் துணுக்குகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ‘பட்டிமண்டபம்’ மணிமேகலையிலேயே வரும் சொல். சமயவாதிகள் தத்தம் கொள்கையை நிலைநாட்ட ஏறிய இடம் அது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பின் ஊர் ஊராகப் பரவிய கம்பன் விழாக்களில், இராமன் வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா என்பது போன்ற கேள்விகள் சலிக்காமல் வழக்காடப்பட்டன. தோற்ற அணியின் வாதம் வீடு திரும்பிய பிறகும் நம்மை நச்சரித்தால், அதுவே நல்ல பட்டிமன்றம்.

இராவணனின் தம்பியரில் உயர்ந்தவன் கும்பகருணனா, வீடணனா என்ற பழைய தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அண்ணன் செய்தது தவறு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. இருவருமே அவனுக்கு அறிவுரை சொன்னவர்கள். வீடணன் விலகி இராமன் பக்கம் போனான். கும்பகருணன் உண்ட சோற்றுக்காகப் போரில் நின்று மடிந்தான். ரசிகர் கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. சாகும் தறுவாயில் கும்பகருணன் இராமனிடம் வேண்டுவது, தன்னை விட்டுப் பிரிந்துபோன தம்பியைக் காப்பாற்றும்படிதான். தன் முடிவை மாற்றிக்கொள்ளாமலே எதிர்முடிவின் நியாயத்தை மதிக்கிறான். இந்தக் கட்டத்தை எந்தப் பேச்சாளர் தொடுகிறார், யார் நழுவுகிறார் என்று பாருங்கள். சரக்கு உள்ளவர் யாரென்று தெரிந்துவிடும்.

காவியச் சிக்கல் கடைத்தெருவுக்கு உதவுமா என்று கேட்கலாம். ஒரு ஜவுளிக்கடைக் கணக்கரை நினைத்துப் பாருங்கள். மகள் கல்யாணத்துக்கு முதலாளி கைகொடுத்திருக்கிறார். அதே முதலாளி ரெண்டாம் நம்பர் கணக்கும் எழுதச் சொல்கிறார். செஞ்சோற்றுக் கடனா, அறமா என்பது அங்கேயும் அதே கேள்விதான். ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள்: விற்பது துணிக்குப் பதில் கலப்பட மருந்து என்றால்? நன்றிக்கடன் சட்டென்று எடை குறைந்துவிடும். இப்படி விவரத்தை மாற்றி மாற்றி உரசிப் பார்ப்பதுதான் கூடிப் பேசுவதன் பயன். தனியாக யோசிப்பவர் தமக்குச் சாதகமான விவரத்தோடு நிறுத்திக்கொள்வார். எதிரணி நிறுத்த விடாது.

கொடுத்த தலைப்புக்குப் பேசுகிறவர் மனதாரவா பேசுகிறார் என்ற குறை நியாயமானதுதான். ஆனால் தாம் நம்பாத பக்கத்துக்கும் காரணம் தேட வேண்டிய கட்டாயம் வேறெங்கே கிடைக்கிறது? அலுவலகக் கூட்டத்தில்கூட மேலாளர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ‘இரண்டும் வேண்டும்’ என்று நடுவர் மழுப்புவது இன்னொரு குறை. எந்தச் சூழலில் எது முந்தும் என்று சொல்லாத தீர்ப்பு மழுப்பல்தான். சொல்லிவிட்டால் அது தீர்ப்பு. அடுத்த முறை கேட்க உட்காரும்போது, உங்கள் மனம் எந்த அணிப் பக்கம் என்று முதலிலேயே ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். எதிரணி பேசி முடித்ததும் அவர்களின் வலுவான வாதத்தை அதன் கீழே எழுதுங்கள். எழுத ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், பேச்சாளர் சோடை போனாரா, நம் காது அடைத்திருந்ததா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.