கிணற்றடியில் தொடங்கவேண்டிய கல்வி

கிராமத்து இளைஞர்க்குச் சுற்றாடற் கல்வி புகட்டும் முயற்சிகள் பல, யூன் 5 இல் மரக்கன்று நாட்டுவதோடும் சுவரொட்டிப் போட்டியோடும் முடிந்துவிடுகின்றன. 1977 இல் திபிலிசியில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, சுற்றாடற் கல்வி மக்கள் தம் சூழலின் பிரச்சினைகளைத் தாமே தீர்க்கப் பங்குகொள்ளும் கல்வியாதல் வேண்டும் என வற்புறுத்தியது. அவ்வளவுகோலால் நோக்கின், நம் சடங்குகள் தேறமாட்டா.

யாழ்ப்பாணக் குடாநாட்டையே எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மயோசீன் காலச் சுண்ணக்கல்லினுள் இறங்கிய மழைநீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விதி. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் எழும். நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. துலாவின் இடத்தை இயந்திரம் பிடித்தபோது, இறைப்பின் அளவைக் கட்டுப்படுத்திய மனித உழைப்பென்னும் எல்லையும் நீங்கியது.

இதனைக் கண்டு, “பழமைக்குத் திரும்புவோம்” என்போர் உளர். அவர் கூற்றும் அரைகுறையானதே. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நீரிற் கலக்கும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை வலிகாமத்துக் கிணறுகள் பல தாண்டியுள்ளன. மிகுமாயின் அது கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். முதியோரின் அனுபவம் உவரை நாவால் அறியும், நைத்திரேற்றை அறியாது.

இவ்விடத்தே கல்விமான்களாகிய நாம் நம்மையும் விமர்சித்தல் வேண்டும். 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் வெங்காயமும் மிளகாயும் குடாநாட்டுக் குடும்பங்கள் பலவற்றை நிமிர்த்தின. பசளையிட்டு விளைந்த அப்பணத்திற் பல்கலைக்கழகம் புகுந்தோரும் நம்மிடை உளர். அத்தோட்டக்காரரின் பிள்ளைகளைப் பார்த்து, “பசளை நஞ்சு” என்று மேடையேறி உரைப்பது கல்வியாகாது, நன்றிமறத்தலாகும். பசளையை எவ்வளவாகக் குறைத்தால் விளைவு குன்றாது, குன்றின் இழப்பை யார் தாங்குவது என்னும் வினாக்களுக்கு விடைதேடாத போதனையை அவ்விளைஞர் செவிமடுக்காமை அவர்தம் அறியாமையன்று.

எனவே, பாடம் கிணற்றடியிலேயே தொடங்குதல் வேண்டும். இளைஞர் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாரியிலும் கோடையிலும் அளக்கட்டும். உவரையும் நைத்திரேற்றையும் சோதித்து, ஊரவர் கூடும் இடத்தில் எழுதிவைக்கட்டும். ஆய்வுகூடத்தையும் கருவியையும் பல்கலைக்கழகம் உதவட்டும். அயற்கிணறும் தன் கிணறும் ஒரே நீரென்று கண்டவன், தன் இறைப்பைத் தன் சொந்த விடயமாக மட்டும் கருதான். அவ்வுணர்வை உண்டாக்காத கல்வி, எத்தனை கன்றுகள் நாட்டினும், வேர்கொள்ளாது.